பதினெட்டடி ஜான்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஹெல்பர் என்றொரு மலையூர் உண்டு. கடல்மட்டத்திலிருந்து சுமார் 5,800 அடி உயரம். ஏறக்குறைய 2,000 பேர் வசிக்கும் இடம். அங்கே நகர நூலகக் கட்டடத்துக்கு வெளியே ஒரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி நிற்கிறான். கையில் பிக்காசு, உயரம் 18 அடி, உச்சி முதல் பாதம் வரை ஒரே கறுப்பு. வெண்கலமோ கல்லோ அல்ல, ஃபைபர்கிளாஸ். ‘பிக் ஜான்’ என்று பெயர். 1960களில் அமெரிக்க நெடுஞ்சாலை ஓரங்களில் டயர் கடைக்கும் பெட்ரோல் பங்குக்கும் விளம்பரமாக ஃபைபர்கிளாஸ் ராட்சதர்கள் முளைத்துக்கொண்டிருந்தார்கள். ஜானும் அந்தக் காலத்துப் பிள்ளைதான். உலகிலேயே பெரிய நிலக்கரித் தொழிலாளி இவன்தான் என்று வெகுகாலம் சொல்லி வந்தார்கள். வேல்ஸில் சிக்ஸ் பெல்ஸ் என்ற ஊரில் 2010இல் பீடத்தோடு சேர்த்து 20 மீட்டர் உயரத்துக்கு ஒரு சுரங்கத் தொழிலாளியை நிறுத்திய பிறகு அந்தப் பட்டம் செல்லாது. ஊர்ப்பெருமைக்கு இதெல்லாம் பொருட்டில்லை என்பது வேறு விஷயம்.

ஜான் என்ற பெயரில் ஹெல்பரில் எந்த வீரனும் வாழ்ந்ததில்லை. பெயர் ஒரு பாட்டிலிருந்து வந்தது. ஜிம்மி டீன் என்ற நாட்டுப்புறப் பாடகர் 1961இல் வெளியிட்ட ‘பிக் பேட் ஜான்’ அமெரிக்கா முழுக்க முதலிடம் பிடித்த பாட்டு. ஆறரை அடி உயரமும் அகன்ற தோளும் கொண்ட, அதிகம் பேசாத, ஊர்பேர் தெரியாத ஒருவன் சுரங்க வேலைக்கு வருகிறான். ஒரு நாள் உள்ளே முட்டு மரம் முறிகிறது. இருபது பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஜான் தன் தோளால் மரத்தைத் தாங்கிப் பிடிக்கிறான். இருபது பேரும் தப்பிக்கிறார்கள். அவன் மட்டும் புதைந்துபோகிறான். அந்தச் சுரங்கத்தை மறுபடி திறக்கவேயில்லை. வாசலில் அவன் நினைவாக ஒரு பளிங்குப் பீடம் வைக்கிறார்கள். ஆக, நினைவுச்சின்னம் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஹெல்பர்காரர்கள் அதை ஆளுயரத்தைவிட மூன்று மடங்கு பெரிதாக்கித் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள்.

சுரங்கப் பாரம்பரியத்தைப் போற்றச் சிலை வைத்த ஊர்கள் உலகில் எத்தனையோ. அவற்றில் இந்த ஒன்றை நான் எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. உண்மையான சாவுகளின் பட்டியல் இவ்வளவு நீளமாகக் கைவசம் இருந்தும், கற்பனை மனிதன் ஒருவனின் சாவைத் தேர்ந்தெடுத்த ஊர் இது. ஏன் அப்படி என்பதற்கு ஊரின் சரித்திரத்திலேயே விடை இருக்கிறது.

டென்வர் - ரியோ கிராண்டே ரயில் கம்பெனி 1880களின் தொடக்கத்தில் பிரைஸ் பள்ளத்தாக்கு வழியாகத் தண்டவாளம் போட்டது. ஹெல்பரைத் தாண்டினால் சோல்ஜர் சம்மிட் கணவாய் வரைக்கும், 7,477 அடிக்கு, ஒரே ஏற்றம். சரக்கு வண்டிகளைத் தள்ளிவிடக் கூடுதல் நீராவி எஞ்சின்களை இங்கேதான் பூட்டினார்கள். ‘ஹெல்பர்’ என்ற அந்தத் துணை எஞ்சின்களின் பெயரே ஊருக்கும் ஆயிற்று. ரயிலுக்கு நிலக்கரி வேண்டும், நிலக்கரிக்கு ரயில் வேண்டும். இரண்டும் ஒரே முதலாளிகளின் கையில் இருந்தன. 1894இல் இந்தப் பகுதியைத் தனி மாவட்டமாகப் பிரித்தபோது அதற்குக் கார்பன் என்றே பெயர் வைத்தார்கள்.

சுற்றிலும் இருந்த காஸில் கேட், கெனில்வொர்த், சன்னிசைட் போன்றவை கம்பெனி ஊர்கள். வீடும் கடையும் மருத்துவரும் கம்பெனியுடையவை. சம்பளத்தில் பெரும்பகுதி கம்பெனிக் கடைக் கணக்கிலேயே கழிந்துவிடும். வேலை போனால் வீடும் போகும். ஹெல்பர் அப்படியல்ல, யாருக்கும் சொந்தமில்லாத ஊர். குடிக்க, சீட்டாட, சொந்த பாஷையில் பேச, தலைமுடி வெட்டிக்கொள்ள, முக்கியமாகச் சங்கம் சேர்க்க, தொழிலாளிகள் இறங்கிவந்த இடம். கிரேக்கக் காப்பிக் கடை, இத்தாலிய மளிகைக் கடை, ஸ்லாவியர் விடுதி, ஜப்பானியர் விடுதி எல்லாம் ஒரே தெருவில் இருந்தன. ஹெய்ன்ஸ் கம்பெனியின் ஊறுகாய் விளம்பரத்தை வைத்து ‘57 வகை ஊர்’ என்று இதைக் கேலியாகச் சொல்வார்கள். மார்மன் சமய விவசாயிகளின் ஒரே சீரான யூட்டாவுக்கு நடுவே இப்படி ஒரு கதம்பம்.

சாவுக் கணக்கு 1900 மே 1இலிருந்து தொடங்குகிறது. ஹெல்பருக்கு மேற்கே மலைக்குள் ஸ்கோஃபீல்டு அருகில் இருந்த வின்டர் குவார்ட்டர்ஸ் சுரங்கத்தில் கரித்தூள் வெடித்து 200 பேர் இறந்தார்கள். சால்ட் லேக் நகரத்தில் சவப்பெட்டி தீர்ந்துபோய் டென்வரிலிருந்து வரவழைத்தார்கள். கம்பெனி ஒவ்வொரு குடும்பத்துக்கும் 500 டாலர் கொடுத்தது; இறந்தவர்கள் கம்பெனிக் கடையில் வைத்திருந்த பாக்கியையும் தள்ளுபடி செய்தது. இரண்டாவதைப் பெருந்தன்மையாகவே அன்று எழுதினார்கள்.

கார்பன் மாவட்டத்தின் நெஞ்சில் ஆழமாக உட்கார்ந்திருப்பது அதற்கடுத்தது: 1924 மார்ச் 8, சனிக்கிழமை, காஸில் கேட் 2ஆம் எண் சுரங்கம். ஹெல்பரிலிருந்து சில மைல் தூரம்தான். இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

குளிர்காலம் முடியும் தறுவாயில் நிலக்கரிக்கு ஆர்டர் குறைந்திருந்தது. அதனால் விபத்துக்குச் சில நாள் முன்பு கம்பெனி ஆள்குறைப்புச் செய்தது. குடும்பஸ்தர்களுக்குப் பிழைப்பு வேண்டுமே என்று, கல்யாணமாகாத இளைஞர்களை நிறுத்திவிட்டு, மனைவி மக்கள் உள்ளவர்களை வேலையில் வைத்துக்கொண்டார்கள். நல்ல மனசோடு எடுத்த முடிவுதான். அன்று காலை உள்ளே போனவர்களில் பெரும்பாலோர் தகப்பன்மார்களாக இருந்ததற்குக் காரணமும் அதுவே.

முதல் வெடி காலை எட்டரை மணி வாக்கில். முந்தைய ஷிப்ட்டில் வெட்டிய இடத்தில் தூள் படியத் தண்ணீர் சரியாகத் தெளிக்கவில்லை. கூரையோரம் வாயு இருக்கிறதா என்று பார்க்கப் போன ஒருவரின் விளக்கு அணைந்தது. அவர் அதை மறுபடி ஏற்றத் தீக்குச்சி உரசினார். விசாரணையில் எட்டிய முடிவு இது. அன்றைய கார்பைடு விளக்கில் சுடர் திறந்தே எரியும். வாயு பற்றியது. அதன் அதிர்ச்சியில் தரையிலும் சுவரிலும் உத்தரத்திலும் படிந்து கிடந்த கரித்தூள் எழுந்து காற்றில் மிதந்தது. மிதக்கும் கரித்தூள் வெடிமருந்துக்குச் சமம். ஒரு வெடி அடுத்த வெடிக்குத் தானே தீனி கிளப்பிக் கொடுக்கும். அதுதான் இதன் பயங்கரம். முதல் வெடியில் தப்பியவர்களின் விளக்குகளும் அணைந்துவிட்டன. இருட்டில் அவர்கள் விளக்கேற்ற முயன்றபோது இரண்டாவது வெடி. அப்புறம் மூன்றாவது. சுரங்க வாயிலிலிருந்த இரும்புக் கதவுகள் பிய்ந்தன. தள்ளுவண்டியும் தந்திக் கம்பங்களும் பள்ளத்தாக்கின் மறுபக்கத்தில் போய் விழுந்தன. உள்ளே இருந்த 171 பேரும் இறந்தார்கள். மீட்கப் போனவர்களில் ஒருவர் விஷவாயு தாக்கி இறந்தார். எல்லா உடல்களையும் வெளியே கொண்டுவர ஒன்பது நாள் ஆயிற்று.

இப்போது பாட்டை நினைத்துப் பாருங்கள். பாட்டில் எதிரி முறிந்த மரம். மரத்தைப் பலசாலி ஒருவன் தாங்கிப் பிடிக்க முடியும். காஸில் கேட்டில் யார் எதைத் தாங்கிப் பிடித்திருக்க முடியும்? 18 அடி ஜானே நேரில் வந்து நின்றிருந்தாலும் தூளை என்ன செய்திருப்பான்? அதைத் தடுக்கத் தோள்பலம் உதவாது. தண்ணீர்க் குழாய், அதை ஒழுங்காகத் திறந்துவிட ஒரு ஆள், சுடர் மூடிய விளக்கு, சுண்ணாம்புக்கல் தூள் ஆகியவைதான் வேண்டும். சுண்ணாம்புக்கல்லைப் பொடித்துச் சுரங்கச் சுவரெங்கும் அடித்துவிட்டால், வெடியில் கரித்தூளோடு அதுவும் கலந்து எழுந்து வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும், தீ பரவாது. விலை மலிந்த, பார்வைக்கு ஒன்றுமில்லாத, வெள்ளை மாவு போன்ற ஒரு பொருள். காஸில் கேட்டுக்குப் பிறகுதான் மேற்கத்தியச் சுரங்கங்களில் இதில் உண்மையான அக்கறை பிறந்தது. இன்றுவரை அமெரிக்கச் சுரங்கங்களில் ஜானைப் போன்ற வீரர்கள் காப்பாற்றியவர்களைவிட இந்தத் தூள் காப்பாற்றியவர்கள் அதிகம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தூளுக்கு யாரும் சிலை வைப்பதில்லை.

விதவைகளுக்கும் வைப்பதில்லை. காஸில் கேட்டில் இறந்தவர்களை நம்பியிருந்தவர்கள் நானூறு பேருக்கு மேல். 1917இல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின்படி குடும்பத்துக்கு வாரம் 16 டாலர், ஏறக்குறைய ஆறு ஆண்டுக்கு. மொத்தம் 5,000 டாலர். ஸ்கோஃபீல்டின் 500 டாலரோடு ஒப்பிட்டால் பத்து மடங்கு. இந்தப் பத்து மடங்கு, இடைப்பட்ட 24 ஆண்டுகளில் சங்கமும் சட்டமன்றமும் போராடிப் பெற்றது. அதற்கு மேல், ஆளுநர் சார்லஸ் மேபி பொதுமக்களிடம் நிதி திரட்டினார். ஒரு லட்சத்து முப்பதாயிரம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அதைப் பங்கிட ஆனி பாமர் என்ற சமூகப் பணியாளரை நியமித்தார்கள். எந்த வீட்டில் எத்தனை பிள்ளை, யாருக்கு உடம்பு சரியில்லை, யாருக்கு நிலக்கரி வாங்கக் காசில்லை என்று வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது அவர் வேலை. நிலக்கரி வெட்டிச் செத்தவன் வீட்டில் அடுப்புக்கு நிலக்கரி இல்லை. அந்த நிதியைச் சிக்கனமாக 1936 வரை இழுத்துக்கொண்டு போனார்கள். நோட்டுப் புத்தகத்தோடு பனியில் நடந்துபோகும் ஒரு பெண்ணின் உருவம் இந்த மாவட்டத்தின் சரித்திரத்துக்குப் பிக்காசு ஏந்திய ராட்சதனைவிடப் பொருத்தமாக இருந்திருக்கும் என்பது என் கட்சி. அப்படி ஒரு சிலையின் முன்னால் நின்று யாரும் படம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதும் தெரியும்.

ஜான் மேல் அடித்திருக்கும் கறுப்புக்கு வருவோம். கரி படிந்த உடம்பைக் காட்டத்தான் அந்த வண்ணம். ஷிப்ட் முடிந்து வெளியே வருபவர்கள் எல்லோரும் ஒரே நிறமாக இருப்பார்கள். குளித்த பிறகுதான் கிரேக்கன், இத்தாலியன், ஜப்பானியன் என்பது தெரியும் என்று சுரங்க ஊர்கள் எங்கும் ஒரு பேச்சு உண்டு. சமத்துவத்துக்கு அழகான படிமம். கார்பன் மாவட்டத்தில் அது பாதி உண்மைகூட இல்லை.

1903 நவம்பரில் இங்கே ஒரு பெரிய வேலைநிறுத்தம் தொடங்கியது. முன்னணியில் நின்றவர்கள் இத்தாலியர்கள். கம்பெனி அவர்களை வீடுகளிலிருந்து வெளியேற்றியது; அவர்கள் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். 1904இல் ‘மதர் ஜோன்ஸ்’ என்று அமெரிக்கத் தொழிலாளர் உலகமே அறிந்த மேரி ஹாரிஸ் ஜோன்ஸ் ஆதரவு தர ஹெல்பருக்கு வந்தார். வயசான அந்த அம்மாளைக் கைது செய்ய யோசித்த அதிகாரிகள், அவருக்கு அம்மைத் தொற்று இருக்கலாம் என்று சொல்லித் தனிமைப்படுத்தி வைத்தார்கள். அவரைக் காக்கத் திரண்ட இத்தாலியத் தொழிலாளிகளில் நூறு பேருக்கு மேல் கைதானார்கள். வேலைநிறுத்தம் தோற்றது. அவர்கள் இடத்தில் கம்பெனி கொண்டுவந்த கருங்காலிகளில் புதிதாகக் கப்பலிறங்கிய கிரேக்கர்களும் இருந்தார்கள். அவர்களை அனுப்பியவர் சால்ட் லேக் நகரத்தில் உட்கார்ந்திருந்த லியோனிடஸ் ஸ்க்லிரிஸ். கிரேக்கர்களின் ஜார் மன்னன் என்று அவரைச் சொல்வார்கள். கங்காணி என்றால் நமக்கு இன்னும் சுலபமாகப் புரியும்: வேலை வாங்கித் தர ஒரு தொகை, பிறகு மாதாமாதம் சம்பளத்தில் ஒரு பிடித்தம். சுற்றியிருந்த சுரங்கங்களுக்கு மட்டுமல்ல, ரயில் பாதைக்கும் பிங்ஹாம் தாமிரச் சுரங்கத்துக்கும் அவர்தான் ஆள் பிடித்துக் கொடுத்தார். 1912இல் பிங்ஹாமில் கிரேக்கர்கள் வேலையை நிறுத்தி முதலில் கேட்ட கோரிக்கைகளில் ஒன்று ஸ்க்லிரிஸை வெளியேற்றுவது, அது நடந்தது.

கருங்காலிகளாக வந்தவர்கள் கருங்காலிகளாகவே இருந்துவிடவில்லை. 1922இல் சம்பளக் குறைப்பை எதிர்த்து மறுபடி வேலைநிறுத்தம் வந்தபோது முன்னே நின்றவர்கள் அதே கிரேக்கர்கள். மே மாதம் ஹெல்பர் அருகே ஒரு கிரேக்கத் தொழிலாளி துணை ஷெரீஃப் சுட்டு இறந்தார். மாநிலப் படை வந்திறங்கியது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் வெள்ளை நிறவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளான் கார்பன் மாவட்டத்தில் கால் ஊன்றியது; ஹெல்பரைச் சுற்றிய குன்றுகளில் சிலுவைகள் எரிந்தன. கத்தோலிக்க இத்தாலியரும் ஆர்த்தடாக்ஸ் கிரேக்கரும் ஸ்லாவியரும் அன்று ‘வெள்ளையர்’ கணக்கில் முழுசாகச் சேர்க்கப்படாதவர்கள். காஸில் கேட்டில் இறந்தவர்களில் ஏறக்குறைய 50 பேர் கிரேக்கர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஊர் இழவு காத்துக்கொண்டிருந்த அதே பருவத்தில்தான் குன்றின் மேல் நெருப்பு வைத்தார்கள்.

உண்மையிலேயே கறுப்பராகப் பிறந்த சுரங்கத் தொழிலாளிக்கு நேர்ந்ததைச் சொல்லாமல் கறுப்பு வண்ணச் சிலையைப் பற்றி எழுதுவது நியாயமில்லை. ராபர்ட் மார்ஷல் காஸில் கேட்டில் வேலை பார்த்தவர். 1925 ஜூனில் கம்பெனிக் காவலர் ஒருவரைக் கொன்றதாக அவர்மேல் குற்றச்சாட்டு. பிடிபட்டவரை ஜூன் 18ஆம் தேதி பெருங்கூட்டம் ஒன்று அதிகாரிகளிடமிருந்து பறித்துக்கொண்டு போய் பிரைஸ் நகருக்கு வெளியே ஒரு மரத்தில் தூக்கிலிட்டது. வந்து சேர்ந்த அதிகாரிகள் கயிற்றை அறுத்து இறக்கினார்கள். உயிர் இருப்பது தெரிந்ததும் கூட்டம் அவரை மறுபடி தூக்கியது. பெண்களும் குழந்தைகளும் பார்த்தார்கள். படங்கள் எடுத்தார்கள், விற்றார்கள். பதினோரு பேர் கைதானார்கள். சாட்சி சொல்ல ஒருவர்கூட வராததால் ஒருவர்மீதும் வழக்கு நடக்கவில்லை. மார்ஷலின் கல்லறைக்கு ஒரு கல் நடப்பட்டது 1998இல்; 73 ஆண்டுக்குப் பிறகு. அந்தக் கல் பிரைஸ் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. ஹெல்பர் சிலைக்கும் அதற்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான்.

சரி, 1960களில் ஏன் திடீரென்று ஒரு ராட்சதன் தேவைப்பட்டான்? என் ஊகம் இது. 1950களில் ரயில் கம்பெனிகள் நீராவியைக் கைவிட்டு டீசலுக்கு மாறின. நீராவி போனதும் ரயில் வாங்கிய நிலக்கரியும் போயிற்று, துணை எஞ்சின் பட்டறைகளின் வேலையும் போயிற்று. வீடுகள் இயற்கை எரிவாயுவுக்கு மாறின. ஹெல்பருக்கு இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் அடி விழுந்தது. மிச்சமிருந்த சுரங்கங்களிலும் வெட்டும் வேலையை எந்திரம் எடுத்துக்கொண்டது. பிக்காசு பரணுக்குப் போய்விட்டது. ஆகவே, ஜான் கையில் பிடித்திருக்கும் கருவி அவனை நிறுத்திய நாளிலேயே பழசு. தொழில் சுருங்கும்போதுதான் தொழிலாளி பெரிதாகிறான். காஸில் கேட் ஊருக்கே என்ன ஆயிற்று என்று பாருங்கள்: அந்தப் பெயருக்குக் காரணமான, பள்ளத்தாக்கின் இருபுறமும் கோட்டைவாசல் போல நின்ற இரண்டு பாறைகளில் ஒன்றை 1966இல் நெடுஞ்சாலை அகலத்துக்காக வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1974இல் ஊரையே கலைத்தார்கள். வீடுகள் சிலவற்றைப் பெயர்த்து ஹெல்பர் பக்கம் கொண்டுபோய் வைத்தார்கள். மிஞ்சியது கல்லறைத் தோட்டம். 1897இல் புட்ச் காஸிடி காஸில் கேட்டில் சம்பளப் பணத்தைக் கொள்ளையடித்த கதை மட்டும் சுற்றுலாக் கையேடுகளில் குறைவில்லாமல் வாழ்கிறது. சுமார் 7,000 டாலர் போன கதை, 172 உயிர் போன கதையைவிடச் சொல்லச் சுலபம்.

அந்தப் பள்ளத்தாக்கில் 1954 முதல் ஓடிய கார்பன் மின் நிலையமும் 2015இல் மூடப்பட்டது. பாதரச வெளியேற்றம் பற்றிய புதிய மத்திய விதிக்கு உட்பட வேண்டுமானால் சுத்திகரிப்புக் கருவிகள் பொருத்த வேண்டும். மலைக்கும் சாலைக்கும் நடுவே ஒடுங்கியிருந்த அந்த இடத்தில் அதற்கு இடமே இல்லை. ஹெல்பர் இப்போது ஓவியர்களின் ஊராக மாறிவருகிறது. பழைய விடுதிக் கட்டடம் சுரங்க - ரயில் அருங்காட்சியகமாகிவிட்டது. காலிக் கடைகள் ஓவியக் கூடங்களாகிவிட்டன. வார இறுதியில் வருகிறவர்கள் ஜானின் முழங்கால் உயரத்துக்கு நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

வேறு மாதிரிச் சிலைகள் இருக்க முடியாதா என்றால், பக்கத்து மாநிலமான கொலராடோவிலேயே இருக்கின்றன. அங்கே போகும் வழி ஹெல்பரிலிருந்தே தொடங்குகிறது. ஹெல்பர் அருகே ஒரு சுரங்க முகாமில் 1917இல் பிறந்த ஹெலன் பாபனிகோலஸ்தான் யூட்டாக் கிரேக்கர்களின் சரித்திரத்தை முதன்முதலில் ஆவணமாக்கியவர். ஸ்க்லிரிஸைப் பற்றியும் 1922 பற்றியும் இன்று நமக்குத் தெரிவதில் பெரும்பங்கு அவர் தேடிச் சேர்த்தது. அவர் மகன் ஜீஸ் பாபனிகோலஸ் 1982இல் ஒரு நூல் எழுதினார். கொலராடோ சுரங்கத் தொழிலாளிகளின் கிரேக்கத் தலைவர் லூயிஸ் டிகாஸின் வாழ்க்கையைத் தேடிப்போன நூல். 1913 செப்டம்பரில் ராக்ஃபெல்லர் குடும்பத்தின் கம்பெனிக்கு எதிராகத் தொடங்கிய வேலைநிறுத்தத்தில், வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் லட்லோ என்ற இடத்தில் கூடாரம் போட்டார்கள். 1914 ஏப்ரல் 20இல் மாநிலப் படை அதன்மேல் சுட்டது, கூடாரங்களுக்குத் தீ வைத்தது. ஒரு கூடாரத்துக்கு அடியில் தோண்டிய குழியில் ஒளிந்திருந்த 11 குழந்தைகளும் இரண்டு பெண்களும் மூச்சு முட்டி இறந்தார்கள். சமரசம் பேசப் போன டிகாஸின் தலையில் துப்பாக்கிக் கட்டையால் அடித்து, பிறகு முதுகில் சுட்டுக் கொன்றார்கள். உடல் தண்டவாளத்தோரம் நாட்கணக்கில் கிடந்தது.

சங்கம் 1918இல் லட்லோவில் ஒரு நினைவுச்சின்னம் எழுப்பியது: ஒரு தொழிலாளி, குழந்தையோடு ஒரு பெண். 2003இல் யாரோ இரவோடு இரவாக இரண்டு உருவங்களின் தலையையும் வெட்டினார்கள். 2005இல் பழுதுபார்த்து மறுபடி திறந்தார்கள். ஏறக்குறைய 90 ஆண்டு கழித்தும் ஒரு சிலையின் தலையை வெட்டும் அளவுக்கு ஒருவருக்குக் கோபம் வருகிறதென்றால், அந்தச் சிலை ஏதோ சொல்லியிருக்கிறது என்று அர்த்தம். ஜானின் தலைக்கு அப்படியொரு ஆபத்து இல்லை. அவனுக்கு முதலாளி கிடையாது, சங்கம் கிடையாது, சம்பளப் பாக்கி கிடையாது. 2018இல் லட்லோவுக்குத் தெற்கே டிரினிடாட் நகரத்தில் டிகாஸுக்குச் சிலை திறந்தார்கள். ராட்சதனல்ல, பெயரும் ஊரும் உள்ள, எப்படி இறந்தார் என்பது தெரிந்த ஒரு மனிதர். கிரீட் தீவிலிருந்து வந்தவர். சொந்தப் பெயர் இலியாஸ் ஸ்பான்டிடாகிஸ். ஆறரை அடி உடம்பை வைத்து எந்த மரத்தையும் அவர் தாங்கவில்லை. பேசினார், மொழிபெயர்த்தார், ஆட்களைச் சேர்த்தார். சுரங்கத் தொழிலாளிகளைச் சாவிலிருந்து காத்தவர்கள் பெரும்பாலும் இந்த வகைதான்.

மறுபடி யூட்டாவுக்கு வந்தால், சாவுக் கணக்கு காஸில் கேட்டோடு முடியவில்லை. கார்பன் மாவட்டத்துக்குத் தெற்கே எமரி மாவட்டத்தில் 1984 டிசம்பர் 19 இரவு வில்பர்க் சுரங்கத்தில் தீப்பிடித்து 27 பேர் இறந்தார்கள், அதில் ஒருவர் பெண். நீளச்சுவர் வெட்டு எந்திரத்தில் ஒரே நாளில் உலக சாதனை உற்பத்தி காட்ட முயன்றுகொண்டிருந்த இரவு அது. அதைப் பார்க்கக் கம்பெனி அதிகாரிகளும் உள்ளே போயிருந்தார்கள். பழுதான ஒரு காற்றழுத்த எந்திரம் சூடேறித் தீப்பற்றியது. வெளியேறும் வழிகளில் ஒன்றில் கூரை இடிந்து அடைத்திருந்தது. தொழிலாளியோடு அதிகாரியும் சேர்ந்து இறந்த அபூர்வமான விபத்து.

கடைசியாக கிராண்டல் கேன்யன். 2007 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஹண்டிங்டன் அருகே அந்தச் சுரங்கம் உள்ளே இடிந்தது. நிலநடுக்கமானிகளில் 3.9 என்று பதிவாகும் அளவுக்கு அதிர்ச்சி. ஆறு பேர் உள்ளே. அவர்கள் உடல்கள் இன்றும் அங்கேதான் இருக்கின்றன. பத்து நாள் கழித்து, அவர்களைத் தேடித் தோண்டிக்கொண்டிருந்தவர்கள்மேல் சுவர் வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். சுரங்க உரிமையாளர் ராபர்ட் முர்ரே நிலநடுக்கம்தான் காரணம் என்று தொலைக்காட்சிக் கேமராக்களுக்கு முன் அடித்துச் சொன்னார். சுரங்கப் பாதுகாப்புத் துறையின் விசாரணை வேறு சொன்னது: மலையின் எடையைத் தாங்க விட்டுவைத்த கரித் தூண்களையே வெட்டியெடுத்துக்கொண்டு பின்வாங்கும் முறையில், தூண்கள் தாங்க முடியாத அளவுக்குப் பளு ஏறியிருந்தது, வடிவமைப்புக் கணக்கே தப்பு. இங்கே ஒரு நிமிஷம் ஜானை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பாட்டின் கரு உண்மையில் நடந்தது இந்த ஒரு இடத்தில்தான்: தாங்குவது முறிந்தது, மாட்டியவர்களை மீட்கப் போனவர்கள் செத்தார்கள். மாட்டியவர்களில் யாரும் தப்பவில்லை என்பதுதான் வித்தியாசம்.

ஹண்டிங்டனில் அந்த ஒன்பது பேருக்கும் நினைவிடம் இருக்கிறது. ஒன்பது முகங்களையும் தனித்தனியாக, அடையாளம் தெரியும்படி வடித்திருக்கிறார்கள். ஹெல்பர் சிலைக்கும் இதற்கும் இடையில் ஏறக்குறைய நாற்பத்தைந்து ஆண்டுகள். அதற்குள் நிலக்கரி நாட்டுக்காரர்கள் தங்கள் சாவைப் பார்க்கும் விதம் மாறியிருக்கிறது. முதலாளிகளைப் பார்க்கும் விதத்தில் சட்டம் அந்த அளவு மாறவில்லை. 2012இல் சுரங்கத்தை நடத்திய துணைக் கம்பெனி இரண்டு சிறு குற்றங்களை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. குற்றம் ஒன்றுக்கு 2,50,000 டாலர் வீதம் 5,00,000 டாலர் அபராதம். அந்தக் குற்றங்களால்தான் சாவுகள் நேர்ந்தன என்று அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டிய கட்டாயமே அந்த உடன்பாட்டில் எழவில்லை.